நூறு வரை சொல்கிறாள். மூன்று பல் பூண்டு எடுத்துத் தருவாளா?

"பாப்பாவுக்கு மூணு வயசு முடியப் போகுது டீச்சர். நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றா. கூட்டல் ஆரம்பிச்சிடலாமா?" பழனி மலைப் பக்கம் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிற எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. இதற்கு நேரெதிரான கேள்வியும் வரும். "ஆறு வயசு வரைக்கும் கணக்குப் பக்கமே கூட்டிட்டுப் போகக் கூடாதாமே? மூளை களைச்சுப் போயிடுமாமே?"

இரண்டு பேருமே பிள்ளை மேல் இருக்கிற அக்கறையில்தான் கேட்கிறார்கள். கணக்கு என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். எது அதிகம், எது குறைவு என்ற உணர்வு கைக்குழந்தையிடமே இருக்கிறது. எண்ணுவது எதற்காக என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றரை, நான்கு வயதளவில் பிடிபடுகிறது. பென்சில் பிடித்து எண் எழுதுவது, கூட்டல் குறி, வாய்ப்பாடு எல்லாம் அதற்கும் பின்னால். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு வீட்டில் அவசரமும் இன்னொரு வீட்டில் பயமும் வருகிறது.

கைக்குழந்தைக்குக் கணக்கு உணர்வு இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. 1992-இல் கேரன் வின் என்ற உளவியலாளர் ஐந்து மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். குழந்தைக்கு முன்னால் ஒரு பொம்மை இருக்கும். அதை ஒரு திரையால் மறைப்பார்கள். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கை வந்து இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போகும். திரையை இறக்கியதும் இரண்டு பொம்மைகள் தெரிந்தால் குழந்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். யாருக்கும் தெரியாமல் ஒன்றை எடுத்துவிட்டு ஒரே ஒரு பொம்மையைக் காட்டினால், அதிக நேரம் உற்றுப் பார்க்கும். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருப்பது அதற்கு ஒட்டவில்லை. பேச்சே வராத வயது அது.

2000-இல் ஃபே ஷூ, எலிசபெத் ஸ்பெல்கி இருவரும் ஆறு மாதக் குழந்தைகளுக்குப் புள்ளிகளைக் காட்டிப் பார்த்தார்கள். 8 புள்ளிக்கும் 16 புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் குழந்தைகளுக்குத் தெரிந்தது. 8-க்கும் 12-க்கும் தெரியவில்லை. அதாவது பிறவியிலேயே வருவது ஒரு தோராயமான கண்ணளவு. வளர வளர அது கூர்மையாகும். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் எண்களைப் பற்றிய பேச்சு இருக்க வேண்டும். 2010-இல் சூசன் லெவினும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், 14 முதல் 30 மாத வயதுக்குள் பெற்றோரிடமிருந்து எண் சொற்களை அதிகம் கேட்ட பிள்ளைகள், நான்கு வயதை நெருங்கும்போது எண்ணிக்கையின் பொருளை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். கண் முன்னால் இருக்கிற பொருளைக் காட்டிச் சொல்வதுதான் அதிகம் உதவுகிறது என்று அதைத் தொடர்ந்த ஆய்வு சொன்னது. "ரெண்டு சாக்ஸ், ரெண்டு கால்", "படியில அஞ்சு பூந்தொட்டி இருக்கு பாரு" என்கிற பேச்சுத்தான். காலையில் பிள்ளைக்கு ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் என்று வரிசையாக மாட்டிவிடுகிற நம் மலை வீடுகளில் இப்படிப் பேசத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

இனி அந்த நூறு வரை சொல்லும் பாப்பாவிடம் வருவோம்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சொல்வதைப் பிள்ளை முதலில் ஒரு பாட்டுப் போலத்தான் கற்கிறது. நல்ல விஷயம்தான், வரிசை தெரியாமல் எண்ண முடியாது. ஆனால் பாட்டு தெரிந்தவுடன் எண்ணத் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரிக்கும் நாட்களில் அப்பத்தா பக்கத்தில் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது சும்மா கேட்டுப் பாருங்கள்: "தங்கம், மூணு பல் எடுத்துக் குடு." நூறு வரை சொன்ன அதே பிள்ளை கை நிறைய அள்ளித் தரும். "இது மூணா?" என்றால் "ஆமா" என்று தலையாட்டும். பிள்ளை பொய் சொல்லவில்லை. மூணு என்பது அதற்கு இன்னும் 'ஒன்றுக்கு மேலே' என்ற பொருளில்தான் இருக்கிறது.

கேரன் வின் 1990-இல் இதே முறையில் பிள்ளைகளைச் சோதித்தார்: இத்தனை எடுத்துக் கொடு என்று கேட்பது, கொடுப்பதைப் பார்ப்பது. அதிலும் அதற்குப் பின் வந்த ஆய்வுகளிலும் தெரிந்த பாதை இது. இரண்டரை வயதை ஒட்டி, 'ஒன்று' கேட்டால் பிள்ளை ஒன்றை மட்டும் தருகிறது. வேறு எது கேட்டாலும் அள்ளித் தருகிறது. சில மாதங்கள் கழித்து 'இரண்டு' சரியாக வருகிறது. இன்னும் சில மாதங்களில் 'மூன்று', சிலருக்கு 'நான்கு'. ஒவ்வொன்றும் தனித்தனியாக, மெதுவாக வருகிறது. அதுவரை பக்கத்தில் இருக்கிற பெரியவருக்குப் பொறுமை வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் தாண்டிவிடுகிறது. ஐந்து, ஆறு, ஏழு என்று ஒவ்வொன்றாகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த எண் வரை வரிசை தெரியுமோ, ஏறக்குறைய அந்த எண் வரைக்கும் எண்ணி எடுத்துத் தருகிறது. எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் எத்தனை என்பதைச் சொல்கிறது என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்ட நாள் அது. பெரும்பாலும் மூன்றரை வயதிலிருந்து நான்கு வயதுக்குள் நடக்கும். நான்கரை ஆனாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. கணக்குக்குப் பிள்ளை தயாரா என்று என்னைக் கேட்டால் நான் பிறந்த தேதியைக் கேட்க மாட்டேன். இந்த இடத்தைத் தாண்டிவிட்டதா என்றுதான் பார்ப்பேன்.

வீட்டிலேயே பார்க்க எளிய வழி உண்டு. ஐந்து பைன் காய்களை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." முடிந்ததும் "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "அஞ்சு" என்று உடனே வந்தால் பிடிபட ஆரம்பித்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் இல்லை. 'எத்தனை' என்று கேட்டால் எண்ணிக் காட்ட வேண்டும் என்று மட்டும்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதைத் திருத்தவோ "இப்பத்தானே எண்ணினே?" என்று அதட்டவோ வேண்டாம். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. மொத்தம் அஞ்சு காய்" என்று நீங்களே காய்களைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிட்டு விளையாட்டைத் தொடருங்கள். ஒன்று முக்கியம்: மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் பூண்டுப் பல், புளியங்கொட்டை, பட்டாணி எதையும் தனியாக விட்டுவிடாதீர்கள். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பைன் காய், பேரிக்காய், கேரட் போதும்.

எண்ணுவதற்குள் என்னென்ன இருக்கிறது என்பதை 1978-இல் ரோச்சல் கெல்மன், காலிஸ்டல் இருவரும் ஐந்து விதிகளாகப் பிரித்துச் சொன்னார்கள். கடைசி எண்தான் மொத்தம் என்பது அதில் ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண் பெயர்களின் வரிசை மாறக் கூடாது என்பது இன்னொன்று. ஒரு பொருளுக்கு ஒரு எண்தான். ஒன்றை விட்டுவிடவும் கூடாது, இரண்டு முறை தொடவும் கூடாது. ஸ்வெட்டர் பட்டன் போடத் தெரியாத பிள்ளை ஒரு ஓட்டையை விட்டுவிட்டு அடுத்ததில் மாட்டும். கடைசியில் ஒரு பட்டன் மிஞ்சும். அதைப் பார்த்து, ஏன் மிஞ்சியது என்று யோசிக்கிற பிள்ளை இந்த விதியைத் தன் விரலாலேயே கற்றுக்கொள்கிறது. அதனால் அவசரமாகப் பள்ளிக்குக் கிளம்பும் காலைகளைத் தவிர மற்ற நாட்களில் பட்டனைப் பிள்ளையே போடட்டும் என்று நான் தாய்மாரிடம் சொல்வதுண்டு. மீதி இரண்டு விதிகளும் எளிமையானவை: எதை வேண்டுமானாலும் எண்ணலாம், கோயில் மணியோசையைக் கூட; பொருள்களை இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும் தொகை மாறாது.

இங்கே குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயைச் சொல்லாமல் போக முடியாது. குழந்தைகளின் எண்ணறிவைப் பற்றி அவர் 1941-இல் எழுதியது உலகம் முழுவதும் பள்ளிகளைப் பாதித்தது. இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் பொருள்களை நேருக்கு நேர் வைத்தால் பிள்ளை "ரெண்டும் சமம்" என்று சொல்லும். ஒரு வரிசையைக் கொஞ்சம் அகட்டி வைத்தால் "இதுலதான் நிறைய" என்று நீளமான வரிசையைக் காட்டும். எதுவும் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை என்றாலும் கூட. ஆறு, ஏழு வயது வரை இப்படித்தான் என்றார் பியாஜே. ஆறு வயதுக்கு முன் கணக்கு கூடாது என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு வேர் என்று நினைக்கிறேன்.

ஆனால் 1974-இல் மெகாரிகல், டொனால்ட்சன் இருவரும் அதே சோதனையைச் சிறிது மாற்றினார்கள். வரிசையைப் பெரியவர் கலைப்பதற்குப் பதிலாக, ஒரு சேட்டைக்காரக் கரடி பொம்மை ஓடிவந்து கலைத்துவிட்டது போலச் செய்தார்கள். அப்போது முன்னைவிட அதிகப் பிள்ளைகள் "சமம்தான்" என்று சரியாகச் சொன்னார்கள். டீச்சர் வேண்டுமென்றே கலைத்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், பதில் மாறவேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை நினைக்கிறது. எவ்வளவு நுட்பமாக நம் முகத்தைப் படிக்கிறார்கள் பாருங்கள். வீட்டில் பிளம்ஸ் பழத்தை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். தவறாகச் சொன்னாலும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேட்ட விதத்தையும் யோசியுங்கள்.

கூட்டலிலும் இதே கதைதான். மார்ட்டின் ஹியூஸ் 1980-களில் நான்கு வயதுப் பிள்ளைகள் முன்னால் ஒரு பெட்டிக்குள் கட்டைகளைப் போட்டுக் கேட்டார். உள்ளே இரண்டு இருக்கிறது, இன்னும் ஒன்று போடுகிறேன், இப்போது எத்தனை? மூடியிருந்த பெட்டிக்குள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பல பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். அதே பிள்ளைகளிடம் "இரண்டும் ஒன்றும் எத்தனை?" என்று கேட்டால் விழித்தார்கள். எதன் இரண்டு, எதன் ஒன்று? பொருள் இல்லாத இரண்டு அவர்களுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே "கூட்டல் ஆரம்பிக்கலாமா" என்று கேட்ட அம்மாவுக்கு என் பதில்: கடைசி எண்தான் மொத்தம் என்று பிடிபட்ட பிள்ளையிடம் கூடைக்குள் கேரட்டைப் போட்டுக்கொண்டே கேட்கலாம், தாராளமாக. நோட்டில் 2 + 1 = என்று எழுதி விடை கேட்பதற்குப் பள்ளி வரட்டும்.

கை முதலில், குறி பிறகு என்ற இந்த வரிசையைக் கல்வி முறையாகவே அமைத்துக் கொடுத்தவர் மரியா மாண்டிசோரி. அவருக்கும் நம் மலைக்கும் உறவு உண்டு என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. எனக்கு அதில் வருத்தம். 1907-இல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் என்பதால் அவருடைய மகன் மரியோவைப் பிரிட்டிஷ் அரசு சிறிது காலம் அடைத்துவைத்தது. மாண்டிசோரியும் நினைத்த இடத்துக்குப் போக முடியாதபடி கட்டுப்பாட்டில் இருந்தார். போர் ஆண்டுகளில் ஒரு பகுதியை அவர் கழித்தது கொடைக்கானலில். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருந்து கற்கும் சிறு பள்ளி அவரைச் சுற்றி இங்கே நடந்தது. 1946-இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

அவர் உருவாக்கிய எண் கோல்களைப் பார்த்தால் இதுவரை சொன்னதெல்லாம் விளங்கும். மொத்தம் பத்துக் கோல்கள். மிகச் சின்னது 10 செ.மீ., மிகப் பெரியது ஒரு மீட்டர். ஒவ்வொரு 10 செ.மீ. துண்டும் சிவப்பு, நீலம் என்று மாறி மாறி வண்ணம் பூசியிருக்கும். ஐந்து என்பது ஐந்து துண்டு கொண்ட ஒரே கோல்; பிள்ளை அதை இரண்டு கையாலும் தூக்கி வருகிறது. ஐந்து மூன்றைவிடப் பெரிது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம், கோலின் நீளமே சொல்லிவிடும். இதில் கை பழகிய பிறகுதான் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எண் வடிவங்களை விரலால் தடவுவது. அதற்கும் பிறகு கதிர்ப் பெட்டி: 0 முதல் 9 வரை எழுதிய அறைகள், 45 மரக்கதிர்கள், அதாவது சின்ன மரக் குச்சிகள். 1 என்ற அறையில் ஒன்று, 2 என்ற அறையில் இரண்டு என்று போட்டு முடித்தால் கதிர் மிஞ்சாது, குறையாது. தப்பு நடந்தால் பெட்டியே காட்டிக்கொடுத்துவிடும், டீச்சர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பூஜ்யம் என்ற அறை காலியாக இருக்கும். 'ஒன்றுமில்லை' என்பதற்கும் ஒரு எண் உண்டு என்பதை நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட அழகாக எப்படிச் சொல்வது? விலை கொடுத்து வாங்க முடியாவிட்டால் தைலமரக் குச்சிகளை அளந்து வெட்டி வண்ணம் பூசுங்கள், பழைய முட்டை அட்டைகளில் அறைகள் கிடைக்கும்.

எண் எழுதுவது பற்றிச் சுருக்கமாக. அது விரல் தசையும் கண்ணும் பழகுகிற வேலை, எண்ணறிவின் அளவுகோல் அல்ல. ஐந்து, ஆறு வயதில் 3-ஐயும் 7-ஐயும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதுவது சகஜம். குளிரில் விறைத்த விரலோடு நான்கு வயதுப் பிள்ளை 1 முதல் 50 வரை வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அரசின் கொள்கையும் இதைக் கேட்கவில்லை. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரை ஒரே அடிப்படை நிலை என்கிறது, விளையாட்டு வழியே கற்பதை வலியுறுத்துகிறது. தமிழ்நாட்டில் 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது அதுவும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத்தான் வந்தது. எட்டு வயதுக்குள் அடிப்படைக் கணக்கு வந்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். நான்கு வயதில் முடித்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எந்த மொழியில் எண்ணுவது என்பதும் பெரிய குழப்பமாக இருக்கிறது. எல்.கே.ஜி.யில் "ஒன், டூ, த்ரீ" என்று சொல்லித்தருகிறார்கள் என்பதற்காக வீட்டில் தமிழில் எண்ணுவதை நிறுத்திவிட்ட குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அப்பத்தா எந்த மொழியில் எண்ணிக் காய் விற்கிறாரோ அந்த மொழியில்தான் பிள்ளைக்கு எண்கள் உயிரோடு இருக்கின்றன. கடைசி எண்தான் மொத்தம் என்ற புரிதல் ஒரு மொழியில் வந்துவிட்டால், இன்னொரு மொழியில் பெயர்களைக் கற்றுக்கொண்டால் போதும்.

எப்போது கவலைப்படலாம்? ஐந்து வயது தாண்டிய பிறகும், வீட்டில் எண்ணிப் பழக வாய்ப்புக் கொடுத்தும், மூன்று பொருள் எடுத்துத் தர முடியவில்லை, 'அதிகம்', 'குறைவு' புரியவில்லை என்றால் முதலில் காதையும் கண்ணையும் சோதியுங்கள். பேச்சும் தாமதமாக இருந்தால் அங்கன்வாடிப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். மாவட்ட அளவில் இருக்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அதற்கு முன்னால், மூன்று நான்கு வயதிலேயே "இவனுக்குக் கணக்கு வராது" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்த வயதில் அப்படிச் சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது.

பள்ளிக்குப் போகுமுன் ஒரே ஒரு விஷயம் செய்ய முடியும் என்றால் எதைச் செய்யட்டும் என்று கேட்டால், கட்ட விளையாட்டு என்பேன். 2008-இல் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் வறிய குடும்பங்களைச் சேர்ந்த பாலர் பள்ளிப் பிள்ளைகளை 1 முதல் 10 வரை நேர்கோட்டில் எழுதிய கட்டங்களில் விளையாட வைத்தார்கள். ஒரு மணி நேர அளவு விளையாட்டைச் சில தடவைகளாகப் பிரித்து நடத்தியதிலேயே எண்களை ஒப்பிடுவதும் அடையாளம் காண்பதும் தெளிவாக மேம்பட்டன, சில வாரங்கள் கழித்தும் அது நிலைத்தது. எண்ணுக்குப் பதில் வண்ணங்கள் உள்ள கட்டங்களில் விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை.

சாக்பீஸால் வாசலில் பத்துக் கட்டம் போட்டால் போதும். நூறு கட்டம் உள்ள பரமபதம் ஐந்து வயதுக்கு மேல் ஆடட்டும். வரிசை மடங்கி மடங்கிப் போவது சின்னவர்களைக் குழப்பும். பகடைக்குப் பதில் ஒரு பக்கம் மட்டும் சுரண்டிய இரண்டு புளியங்கொட்டைகளைப் பெரியவர் உருட்டட்டும். ஒரு வெள்ளை விழுந்தால் ஒரு கட்டம், இரண்டு விழுந்தால் இரண்டு கட்டம். நகரும்போது பிள்ளை என்ன சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் பிள்ளை இரண்டு கட்டம் போக வேண்டுமென்றால் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிக்கொண்டு போவது இயல்பு. அப்படி விடாமல், காலடியில் இருக்கிற எண்ணைப் பார்த்து "ஆறு, ஏழு" என்று சொல்ல வையுங்கள். இப்படிச் சொல்லி நகர்ந்த பிள்ளைகளே அதிகம் கற்றார்கள் என்று 2014-இல் லாஸ்கி, சீக்லர் இருவரும் காட்டினார்கள். முதல் சில நாட்கள் நீங்களும் கூடவே நடந்து சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் பிள்ளை தானாகவே சொல்லும்.